வீடியோ ஓரிடம், தளம் ஓரிடம்: வாசகர் கேள்வி–பதில்

வீடியோவை யூடியூப், விமியோ போன்ற சேவையில் ஏற்றி வைத்துவிட்டு, வேர்ட்பிரஸ், ட்ரூபல் போன்ற சி.எம்.எஸ். (தளத்தின் உள்ளடக்கத்தை நிர்வகிக்கும் மென்பொருள்) வழியாகத் தங்கள் தளத்தில் காட்டுபவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் தளத்தில் 400-க்கும் மேற்பட்ட யூடியூப் வீடியோக்கள் உள்ளன. எல்லாவற்றையும் எம்பெட் கோடாக (வீடியோவைப் பக்கத்தில் காட்டும் நிரல் துண்டாக) எடுத்து அந்தந்தக் கட்டுரைக்குள் ஒட்டியிருக்கிறோம். எது எங்கே இருக்கிறது என்றே இப்போது தெரியவில்லை. ஒழுங்குபடுத்த எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ஒட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள், முதல் வேலை அதுதான். கட்டுரைக்குள் கிடக்கும் ஐஃப்ரேம் கோடு (நீங்கள் ஒட்டிய எம்பெட் கோடு), சி.எம்.எஸ்.ஸைப் பொறுத்தவரை வெறும் எழுத்துக் குவியல். அது ஒரு வீடியோ என்பதே மென்பொருளுக்குத் தெரியாது. அதனால் தேட முடியாது, எண்ண முடியாது. ஒரே வீடியோ மூன்று கட்டுரைகளில் இருந்தால் மூன்றையும் தனித்தனியாகத் திறந்து திருத்த வேண்டியதுதான்.

வீடியோவுக்கென்று தனி உள்ளடக்க வகை ஒன்று வேண்டும். ட்ரூபலில் 8.6 பதிப்பிலிருந்தே 'ரிமோட் வீடியோ' என்ற மீடியா வகை கூடவே வருகிறது. வேர்ட்பிரஸ்ஸில் ஒரு கஸ்டம் போஸ்ட் டைப்பை நீங்களே அமைத்துக்கொள்ள வேண்டும். அதில் இருக்க வேண்டிய புலங்கள்: எந்தச் சேவை, வீடியோ ஐடி, சேவையில் உள்ள தலைப்பு, தளத்தில் காட்டும் தலைப்பு, விநாடிக் கணக்கில் நீளம், வெளியான தேதி, சிறுபடம், நிலை, கடைசியாகச் சரிபார்த்த நேரம். சேவையும் ஐடியும் சேர்ந்ததுதான் யூனிக் கீ, அதாவது ஒரு பதிவை அடையாளம் காட்டும் தனித்த குறி. முழு முகவரியைக் கீயாக வைத்துவிடாதீர்கள். ஒரே வீடியோவுக்கு 'வாட்ச்' முகவரி, குறுமுகவரி, 'எம்பெட்' முகவரி, 'ஷார்ட்ஸ்' முகவரி என்று நாலு வடிவம் உண்டு. நாலிலும் மாறாமல் இருப்பது 11 எழுத்துள்ள அந்த ஐடி மட்டுமே. விமியோவில் ஐடி வெறும் எண். ஆனால் பட்டியலில் காட்டாத விமியோ வீடியோக்களுக்கு எண்ணோடு ஒரு ஹேஷ் துண்டும் (எழுத்தும் எண்ணும் கலந்த குறி) ஒட்டிவரும். அதையும் தனிப் புலத்தில் சேமிக்காவிட்டால் பிளேயர் திறக்காது.

பழையவற்றை மாற்ற: முதலில் தரவுத்தளத்தை பேக்கப் எடுங்கள். கட்டுரைகளின் உள்ளடக்கத்தில் யூடியூப் முகவரிகளைத் தேடி, கட்டுரை எண், வீடியோ ஐடி என்று இரண்டு நெடுவரிசைப் பட்டியல் ஒன்றை உருவாக்குங்கள். திரும்ப வரும் ஐடிகளை ஒன்றாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடியோ பதிவு போடுங்கள். கடைசியாகத்தான் கட்டுரையிலுள்ள ஐஃப்ரேமை அகற்றி அந்தப் பதிவுக்கான இணைப்பை வைக்க வேண்டும். 10 கட்டுரைகளில் முதலில் செய்து பாருங்கள்.

இந்தப் பட்டியலை எக்செல்லில் திறப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. யூடியூப் ஐடியில் ஹைஃபனும் அண்டர்ஸ்கோரும் வரலாம், முதல் எழுத்தாகவே வரலாம். ஹைஃபனில் தொடங்கும் ஐடியை எக்செல் ஃபார்முலா என்று எடுத்துக்கொண்டு பிழை காட்டிவிடும். அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிட்டுப் பிறகு ஒட்டுங்கள். அதேபோல, முகவரிகளை எல்லாம் சின்ன எழுத்தாக்கிச் சுத்தம் செய்யும் பழக்கமுள்ள இம்போர்ட் கருவிகள் உண்டு. யூடியூப் ஐடியில் பெரிய எழுத்து வேறு, சின்ன எழுத்து வேறு. ஓர் எழுத்து மாறினாலும் 'வீடியோ இல்லை' என்றுதான் வரும்.

கேள்வி: யூடியூப் ஏ.பி.ஐ. (நிரல்கள் சேவையிடம் தகவல் கேட்கும் வழி) தரும் தினசரி கோட்டா தினமும் தீர்ந்துவிடுகிறது. எங்கள் சேனலில் 600 வீடியோக்கள்தான் இருக்கின்றன. 10 நிமிடத்துக்கு ஒருமுறை புதிய வீடியோ இருக்கிறதா என்று பார்க்கிறோம். இவ்வளவுக்கே தாங்காதா?

பதில்: தாராளமாகத் தாங்கும். நீங்கள் 'சர்ச்' அழைப்பைப் பயன்படுத்துகிறீர்கள் என்பது கணக்கைப் பார்த்தாலே தெரிகிறது. இயல்பான கோட்டா நாளுக்கு 10,000 அலகு. ஒரு சர்ச் அழைப்புக்கு 100 அலகு போகும். 10 நிமிடத்துக்கு ஒன்று என்றால் நாளுக்கு 144 அழைப்பு, 14,400 அலகு. நூறாவது அழைப்போடு, அதாவது கோட்டா புதுப்பிக்கப்பட்டு சுமார் பதினாறரை மணி நேரத்தில், கதவு மூடிவிடும். புதுப்பிப்பு நடப்பது பசிபிக் நேரப்படி நள்ளிரவில், உங்கள் ஊர் நள்ளிரவில் அல்ல.

மாற்று வழி சுலபம். ஒவ்வொரு சேனலுக்கும் 'அப்லோட்ஸ்' என்ற பிளேலிஸ்ட் தானாகவே இருக்கிறது. சேனல் விவரத்தை ஒருமுறை அழைத்தால் 'ரிலேட்டட் பிளேலிஸ்ட்ஸ்' பகுதியில் அதன் ஐடி கிடைக்கும். அந்தப் பிளேலிஸ்டின் உருப்படிகளைப் படிக்கப் பக்கத்துக்கு 1 அலகுதான். ஒரு பக்கத்தில் 50 உருப்படி வரும், அடுத்த பக்கத்துக்கான டோக்கனும் கூடவே வரும். 600 வீடியோவுக்கு 12 பக்கம், 12 அலகு. நீளம், நிலை போன்றவற்றுக்கு 'வீடியோஸ்' அழைப்பில் ஒரே நேரத்தில் 50 ஐடி கொடுக்கலாம். அது இன்னொரு 12 அலகு. ஆக, சேனல் முழுவதையும் ஒருமுறை சரிபார்க்க 24 அலகுதான் ஆகிறது. புதியது வந்ததா என்று மட்டும் பார்க்க முதல் பக்கமே போதும்: நாளுக்கு 144 முறை பார்த்தாலும் 144 அலகு.

இதோடு தொடர்புடைய விதி ஒன்று. ஏ.பி.ஐ. வழியாக எடுத்த தலைப்பு, விளக்கம் போன்ற தரவைப் புதுப்பிக்காமல் 30 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்கிறது யூடியூபின் டெவலப்பர் விதிமுறை. இரவு ஒருமுறை முழுச் சரிபார்ப்பு ஓடினால் அதுவும் நிறைவேறிவிடும்.

கேள்வி: ஆசிரியர் குழு தளத்தில் தலைப்பைத் திருத்துகிறது. இரவு சிங்க் (சேவையின் தரவைத் தளத்துக்குக் கொண்டுவரும் ஒத்திசைவு) ஓடியதும் யூடியூப் தலைப்பு திரும்ப வந்து உட்கார்ந்துகொள்கிறது. எதை முதன்மையாக வைப்பது, யூடியூபையா சி.எம்.எஸ்.ஸையா?

பதில்: கேள்வியை இப்படிக் கேட்பதில்தான் சிக்கலே தொடங்குகிறது. வீடியோ முழுவதற்கும் ஒரே முதலாளி தேவையில்லை. ஒவ்வொரு புலத்துக்கும் ஓர் உரிமையாளர் வேண்டும், ஒருவர் மட்டுமே வேண்டும். நீளம், வெளியான தேதி, எம்பெட் அனுமதி, பொது, தனிப்பட்டது என்ற நிலை ஆகியவை சேவைக்குச் சொந்தம். தளத்தில் அவற்றைத் திருத்தும் வசதியையே பூட்டிவிடுங்கள். வகைப்பாடு, தொடர்புடைய கட்டுரைகள், முகப்பில் வரும் வரிசை ஆகியவை தளத்துக்குச் சொந்தம். சிங்க் அவற்றைத் தொடவே கூடாது.

தலைப்பும் விளக்கமும்தான் இரண்டு பக்கமும் கை வைக்கும் இடம். அதனால் அவற்றுக்கு மட்டும் இரண்டு புலம் வையுங்கள். 'சேவைத் தலைப்பு' என்ற புலத்தில் சிங்க் மட்டும் எழுதும். 'தளத் தலைப்பு' என்ற புலத்தில் ஆசிரியர் மட்டும் எழுதுவார். பக்கத்தில் காட்டும்போது, தளத் தலைப்பு காலியாக இல்லையென்றால் அது, காலியாக இருந்தால் சேவைத் தலைப்பு. ஆசிரியர் பழையபடி யூடியூப் தலைப்புக்கே திரும்ப விரும்பினால் தன் புலத்தை அழித்தால் போதும். திருத்தும் பக்கத்தில் சேவைத் தலைப்பை மேலே சாம்பல் நிறத்தில், திருத்த முடியாதபடி காட்டினால், யாரும் யாரையும் கேட்காமலே எது எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொள்வார்கள்.

சிலர் 'கடைசியாகத் திருத்தியவர் வெல்வார்' என்ற விதியை வைக்கிறார்கள். இதைப் பரிந்துரைக்க மாட்டோம். யூடியூபின் வீடியோ விவரத்தில் வெளியிட்ட நேரம் இருக்கிறதே தவிர, தலைப்பு எப்போது மாறியது என்ற நேரம் இல்லை. ஒப்பிட ஒரு பக்கத்து நேரம் இல்லாமல் யார் கடைசி என்று எப்படி முடிவு செய்வது?

தளத்திலிருந்து யூடியூபுக்கும் தலைப்பைத் திருப்பி அனுப்பும் இருவழி சிங்க் வேண்டுமா என்று யோசிப்பவர்களுக்கு: உண்மையிலேயே தேவைப்பட்டால் ஒழிய வேண்டாம். அப்டேட் அழைப்பில் ஒரு பொறி இருக்கிறது. 'ஸ்னிப்பெட்' பகுதியை அனுப்பும்போது தலைப்பையும் கட்டாயமான வகை எண்ணையும் மட்டும் அனுப்பினால், அதே பகுதியில் ஏற்கெனவே இருந்த விளக்கமும் டேக்குகளும் அழிந்துபோகும். முதலில் இருப்பதைப் படித்து, தலைப்பை மாற்றி, முழுப் பகுதியையும் திருப்பி அனுப்ப வேண்டும்.

கேள்வி: ஒரு நாள் காலையில் பார்த்தால் தளத்தில் 300 வீடியோக்கள் காணோம். சேவையில் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. சிங்க் செய்யும் பிளக்-இன் அவற்றை அழித்துவிட்டது. ஏன் இப்படி?

பதில்: 'பட்டியலில் இல்லை' என்பதை 'அழிக்கப்பட்டது' என்று அது எடுத்துக்கொண்டதால். பட்டியலில் இல்லாமல் போகப் பல காரணங்கள் உண்டு. மூன்றாவது பக்கத்தைக் கேட்கும்போது கோட்டா தீர்ந்திருக்கலாம். அங்கீகார டோக்கன் காலாவதியாகியிருக்கலாம். இணைப்பு நடுவில் அறுந்திருக்கலாம். அரைகுறைப் பட்டியலை முழுப் பட்டியல் என்று நம்பினால் மீதி எல்லாம் போய்விடும்.

இன்னொரு காரணம் பலருக்குத் தெரிவதில்லை. வெறும் ஏ.பி.ஐ. கீயை வைத்து அப்லோட்ஸ் பிளேலிஸ்டைப் படித்தால் பொது வீடியோக்கள் மட்டுமே வரும். ஒரு வீடியோவைப் 'பட்டியலிடாதது' என்று மாற்றினால் அது பிளேலிஸ்டிலிருந்து மறைந்துவிடும், ஆனால் உங்கள் பக்கத்தில் நன்றாகவே ஓடும். எனவே பிளேலிஸ்ட் புதியவற்றைக் கண்டுபிடிக்க மட்டும்தான். ஏற்கெனவே உள்ளவை இருக்கின்றனவா என்பதை 'வீடியோஸ்' அழைப்பில் ஐடி கொடுத்துத்தான் சரிபார்க்க வேண்டும். அங்கேயும் ஒரு நுணுக்கம்: 50 ஐடி கேட்டு அதில் 2 வீடியோ அழிக்கப்பட்டிருந்தால் பிழைச் செய்தி எதுவும் வராது, 48 விடை வரும், அவ்வளவே. கேட்டதையும் வந்ததையும் நீங்கள்தான் ஒப்பிட வேண்டும்.

சிங்க் எதையும் தானாக அழிக்கக் கூடாது. இதில் நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம். முதல் நாள் வராத ஐடிக்கு 'காணவில்லை' என்று குறியிட்டுத் தேதி போடுங்கள். மூன்று இரவு தொடர்ந்து வராவிட்டால் பதிவை வெளியீட்டிலிருந்து எடுத்து ஆசிரியருக்குத் தகவல் அனுப்புங்கள். அழிப்பது மனிதர் வேலை. இதற்கெல்லாம் மேலே ஒரு மொத்தக் காவலும் வேண்டும்: ஒரே ஓட்டத்தில் 5 சதவீதத்துக்கு மேல் வீடியோக்கள் காணாமல் போனால், எதையும் மாற்றாமல் நிறுத்திவிட்டு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள். 5 என்ற எண்ணை உங்கள் அளவுக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஓர் எண் இருந்தே ஆக வேண்டும்.

கேள்வி: வேர்ட்பிரஸ்ஸில் அதிகாலை 2 மணிக்கு சிங்க் ஓடும்படி வைத்தேன். சில நாள் 5 மணிக்கு, சில நாள் 7 மணிக்கு ஓடுகிறது.

பதில்: வேர்ட்பிரஸ்ஸின் உள் கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் பகுதி) கடிகாரம் பார்த்து ஓடுவதில்லை. யாராவது தளத்தைத் திறக்கும்போது, நேரம் கடந்துவிட்டதா என்று பார்த்து ஓடும். அதிகாலையில் ஆள் வரவில்லை என்றால் அதுவும் காத்திருக்கும். டபிள்யூ.பி.-கான்ஃபிக் கோப்பில் உள் கிரானை முடக்கும் மாறிலியை 'ட்ரூ' என்று வைத்துவிட்டு, சர்வரின் உண்மையான கிரானில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை டபிள்யூ.பி.-கிரான் கோப்பை அழைக்கச் செய்யுங்கள். முன்பு தொடங்கிய சிங்க் முடியாமல் இருக்கும்போது இன்னொன்று தொடங்காதபடி ஒரு பூட்டும் போடுங்கள்; இல்லையென்றால் ஒரே வீடியோவுக்கு இரண்டு பதிவு உருவாகும்.

கேள்வி: கிரானே வேண்டாம், வெப்ஹூக் (மாற்றம் நடந்ததும் சேவையே நம் சர்வருக்கு அனுப்பும் செய்தி) போதும் என்கிறார் எங்கள் டெவலப்பர். சரியா?

பதில்: பாதி சரி. வெப்ஹூக் வந்தால் மாற்றம் உடனே தெரியும். ஆனால் வராமல் போன வெப்ஹூக்கைப் பற்றி உங்களுக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். உங்கள் சர்வர் அரைமணி நேரம் முடங்கிக் கிடந்தால் அந்த நேரத்துச் செய்திகள் தொலைந்துபோகலாம். வேகத்துக்கு வெப்ஹூக், நம்பிக்கைக்கு இரவு முழுச் சரிபார்ப்பு என்று இரண்டையும் வையுங்கள்.

யூடியூபில் இது பப்சப்ஹப்பப் என்ற சந்தா முறையில் நடக்கிறது. புதிய வீடியோ, தலைப்பு மாற்றம், விளக்க மாற்றம் ஆகியவற்றுக்கு அறிவிப்பு வரும். பிளேலிஸ்ட் மாற்றத்துக்கு வராது. இந்தச் சந்தாவுக்குக் காலக்கெடு உண்டு. புதுப்பிக்காவிட்டால் சத்தமில்லாமல் நின்றுவிடும். 'முதல் வாரம் நன்றாக வேலை செய்தது, பிறகு நின்றுவிட்டது' என்று வரும் புகார்களில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

வெப்ஹூக் எந்தச் சேவையினுடையதாக இருந்தாலும், வந்தவுடன் கையொப்பத்தைச் சரிபார்த்து, வரிசையில் போட்டுவிட்டு, உடனே 200 ('கிடைத்தது' என்ற குறி) என்று பதில் சொல்லுங்கள். வேலையைப் பிறகு செய்யுங்கள். சிறுபடம் இறக்குவது வரை எல்லாம் முடித்துவிட்டுப் பதில் சொன்னால், தாமதத்தைத் தோல்வி என்று நினைத்து அந்தச் சேவை அதே செய்தியை மறுபடி அனுப்பும். ஒரே செய்தி இரண்டு முறை வந்தாலும், வரிசை மாறி வந்தாலும் விளைவு ஒன்றாக இருக்க வேண்டும். அதற்கு எளிய வழி: செய்தியில் உள்ள விவரத்தை நம்பாமல், ஐடியை மட்டும் எடுத்துக்கொண்டு தற்போதைய நிலையை ஏ.பி.ஐ.யிடம் கேட்பது.

கேள்வி: யூடியூப் பிளேலிஸ்டுகளையே தளத்தின் பிரிவுகளாக வைத்துவிடலாமா?

பதில்: நேரடியாக வேண்டாம். பிளேலிஸ்ட் என்பது பார்க்கும் வரிசை. பிரிவு என்பது பொருள். ஒரு வீடியோ ஐந்து பிளேலிஸ்டில் இருக்கலாம், யாரோ ஒருவர் பிளேலிஸ்டின் பெயரை மாற்றினால் உங்கள் பிரிவின் முகவரியும் சேர்ந்து மாறி, பழைய இணைப்புகள் உடைந்துவிடும். நடுவில் ஒரு பொருத்துப் பட்டியல் வையுங்கள்: இந்தப் பிளேலிஸ்ட் ஐடி, தளத்தில் இந்தப் பிரிவு. பட்டியலில் இல்லாத பிளேலிஸ்டிலிருந்து வரும் வீடியோ 'பிரிக்கப்படாதவை' என்ற கூடைக்குப் போகட்டும். அந்தக் கூடையை வாரம் ஒருமுறை ஒருவர் காலி செய்தால் போதும். டேக்குகளை மட்டும் அப்படியே இறக்காதீர்கள். 'சமையல்', 'சமையல் குறிப்பு', 'சமையல்குறிப்பு' என்று மூன்று பிரிவுகள் முளைத்து நிற்கும்.

பிரைட்கோவ் என்ற வீடியோ சேவையைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஒவ்வொரு வீடியோவுக்கும் 'ரெஃபரன்ஸ் ஐடி' ஒன்றை நீங்களே கொடுக்கலாம். சி.எம்.எஸ். பதிவு எண்ணை அங்கே போட்டு வைத்தால், எந்தப் பக்கத்திலிருந்தும் மறுபக்கத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

கேள்வி: தமிழ்த் தலைப்புகள் பட்டியல் பக்கத்தில் உடைந்து தெரிகின்றன. சிலவற்றின் கடைசியில் கட்டமும் கேள்விக்குறியும் வருகின்றன. சில தலைப்புகள் பாதியில் நின்றுவிடுகின்றன.

பதில்: ஒன்று போலத் தெரிந்தாலும் இவை வெவ்வேறு கோளாறுகள்.

கடைசியில் மட்டும் கட்டம் வந்தால், தலைப்பைச் சுருக்கும் நிரல் பைட் கணக்கில் வெட்டுகிறது. யு.டி.எஃப்.-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் ஒரு தமிழ்க் குறியீடு (எழுத்தோ, கொம்பு, கால், புள்ளி போன்ற குறியோ) 3 பைட். 'தொழில்நுட்பம்' என்ற சொல் 39 பைட், பி.எச்.பி. மொழியின் சாதாரண 'சப்-ஸ்ட்ர்' கட்டளை அதை 10 பைட்டில் வெட்டினால் நாலாவது குறியீட்டின் ஒரு துண்டு மட்டும் மிஞ்சும். 'எம்.பி. சப்-ஸ்ட்ர்' போட்டால் கட்டம் போய்விடும், ஆனால் புள்ளி போய்விடலாம். அதே சொல்லை 5 குறியீட்டில் வெட்டினால் 'தொழில' என்று நிற்கும், 'தொழில்' அல்ல. நாம் எழுதும்போது எண்ணுவதுபோல 'தொ, ழி, ல், நு, ட், ப, ம்' என்று ஏழாக எண்ண வேண்டுமானால் பி.எச்.பி.யின் 'இன்ட்ல்' எக்ஸ்டென்ஷனில் உள்ள 'கிராஃபீம் சப்-ஸ்ட்ர்' வேண்டும். அதைவிட, சொல் இடைவெளியில் வெட்டுவதுதான் படிக்க நன்றாக இருக்கும்.

தலைப்பு முழுக்கக் கேள்விக்குறியாக வந்தால், தரவுத்தள இணைப்பு லத்தீன் குறியாக்கத்தில் இருக்கிறது. அப்படிச் சேமிக்கப்பட்டதை மீட்க முடியாது. இணைப்பைச் சரிசெய்துவிட்டு மறுபடி சிங்க் ஓட்டுங்கள். தலைப்பு பாதியில் நின்றால், நிற்கும் இடத்தில் யூடியூபில் ஓர் இமோஜி இருக்கிறதா என்று பாருங்கள். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் பழைய 'யு.டி.எஃப்.8' குறியாக்கம் 3 பைட் வரைதான் ஏற்கும். தமிழ் அதில் அடங்கிவிடும், இமோஜி 4 பைட் என்பதால் அங்கேயே வெட்டுப்படும். அட்டவணையை 'யு.டி.எஃப்.8 எம்.பி.4' ஆக மாற்றுங்கள்.

கூடவே இன்னொன்று. 'ஒ'கரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் கொம்பும் காலும் சேர்ந்த இரண்டு குறியீடாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு வேறு. சேமிக்கும்போது சி.எம்.எஸ். ஒன்றாக்கிவிட்டு, ஒப்பிடும்போது ஒன்றாக்காமல் விட்டால், சிங்க் ஒவ்வொரு இரவும் 'தலைப்பு மாறிவிட்டது' என்று நினைத்து ஒரு புதிய திருத்தப் பதிப்பை உருவாக்கிக்கொண்டே இருக்கும். ஒப்பிடும் முன் இரண்டு பக்கத்தையும் என்.எஃப்.சி. (இப்படிப் பிரிந்த குறிகளை ஒரே குறியீடாக்கும் யூனிகோட் வடிவம்) வடிவுக்கு மாற்றுங்கள்.

கேள்வி: பிளேயரில் சில வீடியோக்களுக்கு 150, சிலவற்றுக்கு 153 என்று பிழை எண் வருகிறது.

பதில்: 101, 150 இரண்டும் ஒரே பொருள்: அந்த வீடியோவை வேறு தளத்தில் காட்ட உரிமையாளர் அனுமதிக்கவில்லை. சிங்கின்போது 'எம்பெடபிள்' புலத்தைப் படித்து வைத்தால் வாசகர் கண்ணில் படும் முன்பே தெரிந்துவிடும். 100 என்றால் வீடியோ நீக்கப்பட்டது அல்லது தனிப்பட்டதாக்கப்பட்டது. 153 வீடியோவின் தவறல்ல, உங்கள் தளத்தின் அமைப்பு. எந்தத் தளத்திலிருந்து அழைப்பு வருகிறது என்ற ரெஃபரர் விவரம் பிளேயருக்குப் போகவில்லை. பாதுகாப்புக்கென்று நிறுவிய பிளக்-இன் ரெஃபரர் கொள்கையை 'நோ-ரெஃபரர்' என்று வைத்திருக்கும். அதை 'ஸ்ட்ரிக்ட்-ஆரிஜின்-வென்-கிராஸ்-ஆரிஜின்' என்று மாற்றினால் சரியாகிவிடும்.

கேள்வி: பிழையான வீடியோ ஒன்றைத் திருத்திவிட்டோம். முகவரி மாறாமல் அதே இடத்தில் புதிய கோப்பை ஏற்ற முடியுமா?

பதில்: விமியோவில் முடியும், ஐடி மாறாது. யூடியூபில் முடியாது. புதிதாக ஏற்றினால் புதிய ஐடிதான். தளத்தில் வீடியோவுக்குத் தனிப் பதிவு வைத்திருப்பவர்களுக்கு இதில் கவலையில்லை. அந்தப் பதிவில் ஐடியை மட்டும் மாற்றினால், அதைக் காட்டும் எல்லாப் பக்கங்களும் மாறிவிடும். மாற்றியதும் இரண்டு காரியம் செய்யுங்கள்: சிறுபடத்தைப் புதிதாக இறக்குங்கள், பழைய ஐடியைத் 'தவிர்க்க வேண்டியவை' பட்டியலில் சேருங்கள். சேர்க்காவிட்டால், பழைய வீடியோவை யூடியூபிலிருந்து எடுக்கும்வரை, அன்றிரவே சிங்க் அதைப் புதியது என்று நினைத்துத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்துவிடும்.